வந்த தண்ணீருக்குப் போக வழி

வீடு கட்ட மனை பார்க்கப் போகிறவர்களை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? "தண்ணீர் வசதி எப்படி?" என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. கிணறு உண்டா, குழாய் வருகிறதா, ஊற்று நல்ல ஊற்றா என்று துருவித் துருவி விசாரிப்பார்கள். "சாக்கடை எந்தப் பக்கம் போகும்?" என்று கேட்பவர் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிகம். குடிவந்து முதல் மழை பெய்து, கொல்லைப்புறத்து ஜலம் கூடத்துக்கே வந்து குசலம் விசாரிக்கும்போதுதான் அந்தக் கேள்வியின் அருமை தெரியும்!

வயலுக்கும் இதே கதைதான். அணை திறப்பு விழா என்றால் மாலை உண்டு, மேளம் உண்டு, மந்திரி உண்டு. வடிகால் திறப்பு விழா என்று ஒன்று நடந்ததாக நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? நானும் கேள்விப்பட்டதில்லை. தண்ணீரை அழைத்து வருவதில் நாம் சூரர்கள். வந்த தண்ணீரை மரியாதையாக வழியனுப்பி வைப்பதில்தான் நமக்குச் சோம்பல்.

இதையெல்லாம் நினைக்க வைத்தது நாஞ்சில் நாட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கும் கடிதம். சுசீந்திரத்துக்குத் தெற்கே, பழையாற்றின் கரையோரம் அவர்களுக்கு அறுபது சென்ட் வயல். மாமனார் காலத்தில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகமும் குறைவில்லாமல் விளைந்ததாம். சில வருஷங்களுக்கு முன் கிழக்கே பள்ளத்துப் பக்கம் இருந்த வயலில் மண்ணடித்து மனை போட்டார்கள். அதோடு ஓரமாக ஓடிய ஓடையும் மறைந்து போயிற்று. இப்போது மழைக் காலத்தில் பயிர் மஞ்சளடித்து நிற்கிறது. அறுப்பு முடிந்து பங்குனி வெயில் ஏறினால் வரப்போரத்தில் வெள்ளை வெள்ளையாய்ப் பூக்கிறது. "வயல் செத்துப் போச்சு, மனைக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். தரகரும் நடையாய் நடக்கிறார். விற்பதா, வைத்துக்கொள்வதா? நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய விஷயமாக இது இல்லை. ஆகவே, அந்த அம்மாளுக்கும் அவரைப் போன்ற மற்றவர்களுக்கும் சேர்த்து, இந்த வாரப் பக்கம் முழுவதையும் வயலுக்கே ஒதுக்கிவிட்டேன்.

மலையிலிருந்து மணக்குடி வரை

முதலில் நாஞ்சில் நாட்டுத் தண்ணீரின் யாத்திரையைப் பார்ப்போம். திருவிதாங்கூர் மகாராஜா மூலம் திருநாள் காலத்தில், 1897-ல் தொடங்கி 1906-ல் முடிந்தது பேச்சிப்பாறை அணை. கட்டி முடித்த எஞ்சினீயர் மிஞ்சின் துரை அந்த அணைக்கருகிலேயே அடக்கமாகியிருக்கிறார். 1950-களின் தொடக்கத்தில் பெருஞ்சாணி அணையும் துணைக்கு வந்தது. இரண்டின் தண்ணீரும் புத்தன் அணைக்கு வந்து சேர்ந்து, தோவாளைக் கால், அனந்தனார் கால், நாஞ்சில் நாட்டுப் புத்தனார் என்று கிளை கிளையாகப் பிரிந்து, குளங்களையும் ஏலாக்களையும் நனைக்கிறது. (நாஞ்சில் நாட்டில் வயற்பரப்பை 'ஏலா' என்பார்கள்.) மாவட்டத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள். ஒரு குளம் நிறைந்தால் அதன் மறுகால் அடுத்த குளத்துக்கு வழிவிடும். எல்லாருக்கும் கொடுத்தது போக மிச்சம், வயல்களில் வடிந்த கழிவு நீர், எல்லாம் கடைசியில் பழையாற்றை அடையும். சுருளகோட்டுப் பக்கம் பிறந்து, ஒழுகினசேரி, சுசீந்திரம் வழியாக வரும் அந்த ஆறு, மணக்குடிக் காயலில் கடலோடு கலக்கும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். தண்ணீர் எங்கேயும் உட்காருவதற்கு வருவதில்லை. குளத்தில் தங்கும்; வயலில் நடக்கும். குளத்தில் தங்க வேண்டியது வயலில் தங்க ஆரம்பித்தால்தான் வம்பு.

இதை எனக்கு அழகாகச் சொன்னவர் அந்தப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். "பாட்டா, தண்ணி நிறைய இருந்தா நெல்லுக்கு நல்லதுதானே?" என்று பட்டணத்து ஞானத்தோடு கேட்டு வைத்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வந்த விருந்தாளியும் வந்த தண்ணியும் ஒண்ணுதான் மக்கா. வரும்போது சந்தோசம். போவாம இருந்தாத்தான் சங்கடம்!" என்றார்.

வேருக்கு மூச்சு வேண்டும்

ஏன் சங்கடம்? செடியின் வேரும் நம்மைப் போல மூச்சு விடுகிறது. மண்ணில் உள்ள சிறு சிறு துவாரங்களில் காற்று இருக்கிறது. அதிலுள்ள பிராணவாயுவை வேர் இழுத்துக் கொள்கிறது. துவாரம் முழுவதும் நாட்கணக்கில் தண்ணீர் அடைத்துக் கொண்டால் வேர் திணறுகிறது. வாழைக்கும் மரவள்ளிக்கும் இது சில நாட்களிலேயே ஆபத்து. தென்னை கொஞ்சம் பொறுத்துப் பார்க்கும். பிறகு குரும்பையை உதிர்த்துத் தன் அதிருப்தியைத் தெரிவிக்கும்.

நெல் மட்டும் விதிவிலக்கு. அதன் தண்டுக்குள் இலையிலிருந்து வேருக்குக் காற்றைக் கொண்டு போகும் குழாய்கள் உண்டு. ஆனால் அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. பழைய தண்ணீர் வடியாமல் புளித்துக் கிடந்தால், மண்ணில் நச்சு வாயு உண்டாகும். சேற்றில் காலை வைத்ததும் அழுகிய முட்டை நாற்றம் வரும். பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்திருக்கும். செம்மண் மேட்டிலிருந்து ஊறி வரும் நீர் தேங்கும் பள்ளங்களில் இரும்பு கரைந்து, மேலே எண்ணெய் மாதிரி மினுமினுக்கும் செம்படலம் மிதக்கும். எண்ணெயா இரும்பா என்று பார்க்க வேண்டுமானால் ஒரு குச்சியால் கீறிப் பாருங்கள். எண்ணெயானால் மறுபடி ஒன்று சேர்ந்துகொள்ளும். இரும்பானால் அப்பளம் போல் துண்டு துண்டாக உடையும். அங்கே இலையில் பழுப்புப் புள்ளிகள் விழுந்து பயிர் குன்றினால் அதிசயமில்லை.

இதற்கு முதல் வைத்தியம் உரக்கடையில் இல்லை; மண்வெட்டியில் இருக்கிறது. வயலின் தாழ்ந்த ஓரத்தில் வடிகால் எடுத்து, ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் தூர் வாரவேண்டும். தூர்கட்டி முடிந்த சமயம் நாலைந்து நாள் தண்ணீரை வடித்து, மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரிந்ததும் மறுபடி பாய்ச்சினால், வேருக்கு ஒரு மூச்சு கிடைக்கும். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடலாகாது. ஜப்பானிய விவசாயிகள் பயிரின் நடுக்காலத்தில் இப்படி வயலை உலர்த்துவதை ஒரு சடங்கு மாதிரியே செய்கிறார்கள். வாழை, தென்னையானால் வரிசைகளுக்கு நடுவே இரண்டு மூன்றடி ஆழ வாய்க்கால் எடுத்து, வந்த மண்ணை மேட்டில் போட்டுக்கொள்ளலாம்.

2017 நவம்பர் முடிவில் ஒக்கிப் புயல் அடித்தது. 2021 நவம்பரில் பெருமழை கொட்டியது. இரண்டு தடவையும் குமரி மாவட்டத்து வயல்கள் ஏரிகளாயின. பெய்த மழையை யாரும் தடுக்க முடியாது. ஆனால் பெய்த பிறகு அது இரண்டு நாளில் வடிகிறதா, இரண்டு வாரம் நிற்கிறதா என்பது மனிதர் கையில் இருக்கிறது.

விளக்குத் திரியும் மாங்காய்த் துண்டும்

இனி அந்த வெள்ளைப் பூவுக்கு வருவோம். தேங்கிய தண்ணீர் நிலத்துக்குள்ளும் இறங்கி, அடி நீர்மட்டத்தை உயர்த்துகிறது. அது தரையிலிருந்து ஐந்தாறு அடிக்குள் வந்துவிட்டால், மண்ணே விளக்குத் திரியாகி விடும். அகலில் உள்ள எண்ணெய் திரி வழியே மேலே ஏறுகிறதல்லவா? அப்படியே அடி நீரும் மண் வழியே ஏறும். மாசியில் அறுப்பு முடியும், அணையும் மூடப்படும். பங்குனி, சித்திரை வெயில் மேல்மண்ணைக் காய்ச்சும். தண்ணீர் ஆவியாகிப் பறந்துவிடும். அதில் கரைந்திருந்த உப்பு எங்கே போகும்? அதற்கு இறக்கை இல்லை; அங்கேயே தங்கிவிடும்.

புத்தளம், சாமிதோப்பு உப்பளங்களில் நடப்பதும் இதுதான். அங்கே வேண்டுமென்று செய்கிறார்கள். வடிகால் இல்லாத வயல், தெரியாமல் செய்கிற உப்பளம்! அவ்வளவுதான் வித்தியாசம்.

"எங்கள் கிணற்றுத் தண்ணீர் கரிக்கவே இல்லையே" என்று சொல்லுவீர்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு அரை கிராம் உப்பு என்றால் நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது. ஒரு போகம் நெல்லுக்கு ஏறத்தாழ 1 மீட்டர் உயரத் தண்ணீர் தேவை. ஓர் ஏக்கருக்கு அது 40 லட்சம் லிட்டர். அதில் உள்ள உப்பு 2,000 கிலோ! வடிகால் இருந்தால் அதில் பெரும் பங்கு வந்த வழியே போய்விடும். இல்லாவிட்டால் வருஷா வருஷம் வண்டி வண்டியாக உப்பை வாங்கி வயலில் கொட்டுவதற்கு அது சமம்.

சரி, உப்பு இருந்தால் பயிருக்கு என்ன? அடுக்களையில் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. நறுக்கிய மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால் மறுநாள் என்ன ஆகிறது? மாங்காய் தண்ணீர் விட்டுச் சுருங்குகிறது. உப்பு மண்ணில் வேரின் கதியும் ஊறுகாய் மாங்காயின் கதிதான். காலடியில் தண்ணீர் நிற்கும். பயிரோ தாகத்தால் வாடும். இலை நுனி கருகும். வயலில் திட்டுத் திட்டாகச் சொட்டை விழும்.

இந்தக் கதை இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. இன்றைய ஈராக்கில், யூப்ரடீஸ், டைக்ரிஸ் நதிகளின் கீழ்ப்பகுதியில் இருந்த சுமேரியர் வாய்க்கால் பாசனத்தில் மகா சமர்த்தர்கள். கி.மு. 3500 வாக்கில் அங்கே கோதுமையும் பார்லியும் சமமாக விளைந்தன. உப்பைத் தாங்குவதில் பார்லி கெட்டிக்காரப் பயிர். நாளாவட்டத்தில் கோதுமை குறைந்து பார்லி பெருகியது, கி.மு. 1700 வாக்கில் கோதுமை அநேகமாக மறைந்தே போயிற்று. மண்ணில் உப்பு ஏறியதே இதற்குக் காரணம் என்று 1958-ல் ஜேக்கப்சன், ஆடம்ஸ் என்ற இரண்டு அறிஞர்கள் எழுதினார்கள். அது மட்டுமே காரணமா என்று வாதாடிய பண்டிதர்களும் உண்டு. ஆனால் வடிகால் இல்லாத பாசனம் நிலத்தை உப்பாக்கும் என்பதில் இரண்டு அபிப்பிராயம் இல்லை. நம் இந்தியாவிலேயே உப்பால் கெட்ட நிலம் சுமார் 67 லட்சம் எக்டர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

உவரா, களரா?

வைத்தியத்துக்கு முன்னால் வியாதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் பெரியவர்கள் இரண்டு வார்த்தை வைத்திருந்தார்கள்: உவர், களர். வள்ளுவர் கல்லாதவர்களைப் பயன்தராத களர் நிலத்துக்கு ஒப்பிட்டார். இரண்டையும் ஒன்றாகப் பேசினாலும், விஞ்ஞானிகள் பிரித்தே பார்க்கிறார்கள்.

உவர் நிலத்தில் கரையும் உப்பு அதிகம். காலையில் வெள்ளையாகப் பூத்திருக்கும். ஆனால் மண் பொலபொலவென்று இருக்கும். தண்ணீர் உள்ளே இறங்கும். பரிசோதனையில் மின் கடத்தும் திறன் 4 டெசிசீமன்ஸுக்கு மேல் காட்டும்.

களர் நிலத்தில் சோடியம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும். களிமண் துகள்களை ஒரு கூட்டுக் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புச் சத்தான கால்சியம் நல்ல மத்தியஸ்தர் மாதிரி. எல்லாரையும் சேர்த்து வைக்கும். சோடியம் கோள்சொல்லி, ஒருவரோடு ஒருவர் ஒட்டாமல் பிரித்துவிடும். பிரிந்த துகள்கள் துவாரங்களை அடைத்துக் கொள்கின்றன. நனைந்தால் வழுக்கும்; காய்ந்தால் கல்லாகும். தண்ணீர் கலங்கியபடியே மேலே நிற்கும். கார அமில நிலை 8.5-க்கு மேல் இருக்கும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வெள்ளைக் கண்ணாடிப் பாட்டிலில் ஒரு பிடி வயல் மண்ணைப் போட்டு, மழைத் தண்ணீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி, அசையாமல் வையுங்கள். மறுநாள் மேல் தண்ணீர் தெளிந்திருந்தால் களர்த் தன்மை அவ்வளவாக இல்லை. பால் போலக் கலங்கியே இருந்தால் சோடியத்தின் கைவரிசை என்று சந்தேகிக்கலாம். இது நெற்றியில் கைவைத்து ஜுரம் பார்ப்பது போலத்தான். மருந்துச் சீட்டுக்கு வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனைக்கே போகவேண்டும்.

கழுவும் முறை

உவர் நிலத்துக்கு மருந்து தண்ணீர்தான். ஆச்சரியமாக இருக்கிறதா? நிலத்தைச் சமன்படுத்தி, வரப்பை உயர்த்தி, நல்ல தண்ணீரையோ மழையையோ நிறுத்தி, அது மண் வழியே கீழே இறங்கி வடிகாலில் வெளியேற விடவேண்டும். ஓரடி மண்ணுக்கு ஓரடித் தண்ணீர் இறங்கினால், உப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு போய்விடும். மேலாக ஓடவிட்டால் போதாது. உள்ளே இறங்க வேண்டும். குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. ஆண்டவன் இரண்டு தடவை வண்ணான் துறை வைத்துக் கொடுத்திருக்கிறான். அழுக்குத் தண்ணீர் போக வழி வைப்பது மட்டும் நம் பொறுப்பு.

களர் நிலத்துக்குத் தண்ணீர் மட்டும் போதாது. அங்கே ஜிப்ஸம் வேண்டும். அதிலுள்ள கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்காரும். தள்ளப்பட்ட சோடியத்தைத் தண்ணீர் கழுவிக்கொண்டு போகும். எவ்வளவு ஜிப்ஸம் என்பதை மண் பரிசோதனைதான் சொல்லவேண்டும். மேல் நாலு அங்குல மண்ணில் கலந்து, சில நாள் தண்ணீர் நிறுத்தி, வடித்துவிட வேண்டும். ஹரியானாவில் கர்னாலில் 1969-ல் ஏற்பட்ட மத்திய உவர்நில ஆராய்ச்சி நிலையம் காட்டிய இந்த வழியில், வட இந்தியாவில் பத்து லட்சம் எக்டருக்கு மேல் களர் நிலம் திருந்தியிருக்கிறது. ஆனால் வெறும் உவர் நிலத்தில் ஜிப்ஸத்தைக் கொட்டுவது வீண் செலவு.

இரண்டுக்கும் பொதுவான கைப்பக்குவம் சில உண்டு. தக்கைப்பூண்டை விதைத்துப் பூக்கும் சமயத்தில் மடக்கி உழுங்கள். அது உப்பையும் தாங்கும், தண்ணீரையும் தாங்கும். நாற்று ஐந்து வாரம் முற்றியதாக இருக்கட்டும், குத்துக்கு இரண்டு நாற்று அதிகம் வையுங்கள், நெருக்கி நடுங்கள். ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் போடுங்கள். இப்படிப்பட்ட மண்ணில் துத்தநாகம் பயிருக்குச் சரியாகக் கிடைப்பதில்லை. கோ 43, திருச்சி 1 போன்ற ரகங்கள் ஓரளவு உப்பைத் தாங்கும். உங்கள் ஏலாவுக்கு எது ஏற்றது என்பதைத் திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள். அறுப்புக்கும் நடவுக்கும் நடுவே நிலத்தை மொட்டையாகக் காயப் போடாதீர்கள். வைக்கோலோ தழையோ மூடியிருந்தால், உப்பு மேலே ஏறுவது குறையும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வடிகால். அது இல்லாமல் ஜிப்ஸம் போடுவது, கதவைச் சாத்திக்கொண்டு வீட்டைப் பெருக்குவது மாதிரி. தூசி ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போகும், வீட்டைவிட்டுப் போகாது.

கடலே வந்தபோது

2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதியை மறக்க முடியுமா? மேலமணக்குடியையும் கீழமணக்குடியையும் இணைத்த பாலத்தையே அலை பிய்த்தெறிந்தது. தமிழ்நாட்டுக் கடற்கரையில், முக்கியமாக நாகப்பட்டினம் மாவட்டத்தில், ஆயிரக்கணக்கான எக்டர் வயலில் கடல் புகுந்தது. லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள தண்ணீர்! "இனி பத்து வருஷத்துக்குப் புல் முளைக்காது" என்று அப்போது பேசிக்கொண்டார்கள். நடந்தது வேறு. படிந்த சேற்றை வழித்தெடுத்தார்கள். வாய்க்கால் வெட்டினார்கள். ஜிப்ஸம் இட்டார்கள், தக்கைப்பூண்டு விதைத்தார்கள். 2005-ல் வடகிழக்குப் பருவமழை கனத்துப் பெய்து கழுவி விட்டது. அநேக வயல்கள் ஓரிரு வருஷத்துக்குள் பச்சை பிடித்தன. வடிகால் இருந்த இடம் சீக்கிரம் பிழைத்தது.

ஹாலந்து தேசத்திலும் 1953 பிப்ரவரி முதல் தேதி கடற்சுவர் உடைந்து, விளைநிலங்களில் உப்பு நீர் ஏறியது. அந்தத் தேசத்தார் ஒரு பாடம் கற்றிருந்தார்கள். உப்பு மழையில் கரைந்து போன பிறகுதான், ஒட்டிக்கொண்ட சோடியம் தன் கோள் வேலையை ஆரம்பிக்கும். ஆகவே ஈர நிலத்தை அவசரப்பட்டு உழாமல், ஜிப்ஸம் இட்டுப் பொறுத்திருந்தார்கள்.

கடல் அலையாக வந்தால் கண்ணுக்குத் தெரிகிறது. பூமிக்குள்ளே சந்தடியில்லாமல் வருவதுதான் தெரிவதில்லை. கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஓரடி நின்றால், கீழே அது நாற்பதடி ஆழத்துக்கு உப்பு நீரை அழுத்தி வைக்கும். மோட்டார் வைத்து உறிஞ்சி அந்த ஓரடியைக் குறைத்தால், கீழே உப்பு நாற்பதடி மேலேறும். ஆகவே கடலோரக் குளங்கள் வெறும் பாசனக் குளங்கள் மட்டும் இல்லை. கடலை அழுத்தி வைத்திருக்கும் பாரக்கற்கள் அவை. குளத்தைத் தூர்த்தால் பாரம் குறையும்.

உப்போடு சமாதானமாக வாழும் வழியும் ஒன்று உண்டு. கேரளத்தில் கொச்சிப் பக்கம் பொக்காளி என்ற நெல்லைப் பயிரிடுகிறார்கள். மண்ணைக் கும்பல் கும்பலாகக் குவித்து, மழை அதிலிருந்து உப்பைக் கழுவிய பிறகு விதைப்பார்கள். அறுவடையானதும் கடல்நீர் ஏற விட்டு இறால் பிடிப்பார்கள். 2008-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் நல்ல வயலை வெட்டி இறால் பண்ணையாக்குவது வேறு விஷயம். சர்வோதயத் தலைவர் ஜகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விளைநிலத்தை அப்படி மாற்றக்கூடாதென்று தீர்ப்புக் கூறியது.

வடிகால் யாருடையது?

இப்போது வாசகியின் கேள்வி. அம்மா, உங்கள் வயல் செத்துப் போகவில்லை. அதற்கு மூச்சு முட்டியிருக்கிறது. உங்கள் ஊரில் அணைத் தண்ணீர் உண்டு, இரண்டு மழை உண்டு, பக்கத்திலேயே பழையாறு உண்டு. இல்லாதது மூடிப்போன அந்த ஓடை ஒன்றுதான். அட்வான்ஸ் வாங்குவதற்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள். பாட்டில் சோதனை செய்து, மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் வாங்கி, அந்த ஓடை புறம்போக்காகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அது மனைக்காரருடையதும் அல்ல, உங்களுடையதும் அல்ல, சர்க்காருடையது. மண்ணை அகற்றச் சொல்லி மனுக் கொடுக்கலாம். மூன்றாவதாக, உங்களைப் போலவே தவிக்கும் மேற்கு வயற்காரர்களையும் அழைத்துக்கொண்டு போங்கள். ஒருவர் மனு மேஜையில் தூங்கும். பத்துப் பேர் மனு கொஞ்சம் புரண்டாவது படுக்கும்!

வரைபடத்தில் ஓடை இல்லாவிட்டாலும் மனம் தளர வேண்டாம். மேட்டு நிலத்தில் பெய்த மழை பள்ளத்து நிலத்தின் வழியே இயல்பாக வடிவதற்கு விடவேண்டும் என்பதை, 1882-ஆம் வருஷத்து இந்தியச் சட்டம் ஒன்று மேட்டு நிலக்காரரின் உரிமையாகவே சொல்லுகிறது. உடனே கோர்ட்டுக்குப் போங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வக்கீலுக்குக் கொடுப்பதில் ஒரு பகுதியைப் போட்டு, மனை ஓரமாக ஒரு சிமெண்டுக் குழாய் பதித்தாலும் தண்ணீர் போய்விடும். மனை வாங்கியவருக்கும் அது லாபம்தான். வயலை மேடாக்கிக் கட்டிய வீட்டைச் சுற்றியும் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கத்தானே செய்யும்?

இவ்வளவும் செய்து, அடி நீரே கடல்நீராகிவிட்டதென்று பரிசோதனை சொன்னால், அப்போது விற்பதைப் பற்றி யோசியுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அந்த நிலைமை தெரியவில்லை.

ஒரு வயலின் வடிகால் எப்போதும் அடுத்தவர் வயலில்தான் இருக்கிறது. தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலுக்காகச் சண்டை போடுகிறவர்கள், போகும் ஓடையை மட்டும் யாருடையதுமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். பாலத்துக்குக் கீழே குப்பை கொட்டுகிறார்கள். மணக்குடி போன்ற பொழிமுகங்களில் மணல்திட்டு அடைத்தால் வெள்ளம் வயலுக்குத் திரும்பும்; திறந்தே கிடந்தால் கடல் உள்ளே வரும். எப்போது வெட்டுவது, எப்போது அடைப்பது என்பதைக் கடற்கரை ஜனங்களும் வயற்கரை ஜனங்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசித்தான் தீர்மானிக்க முடியும். பக்கத்துக் கேரளத்தில் நெல்வயலை நிரப்புவதைத் தடுக்க 2008-ல் ஒரு தனிச் சட்டமே செய்தார்கள். சட்டம் இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். ஒரு வண்டி மண்ணைக் கொட்டுவதற்கு முன்னால், இதற்கு மேலே யாருடைய வயல் இருக்கிறது என்று திரும்பிப் பார்ப்பதற்குச் சட்டம் தேவையில்லை.

அடுத்த தடவை மழை பெய்து ஓய்ந்ததும் ஒரு வேலை செய்யுங்கள். நிலம் இருப்பவர்கள் வயலின் தாழ்ந்த மூலைக்குப் போய் நில்லுங்கள். நிலம் இல்லாதவர்கள் உங்கள் தெருக்கோடிக்குப் போங்கள். வந்த தண்ணீர் எந்த வழியாகப் போகிறது, எங்கே தடைப்படுகிறது, யார் வாசலில் நிற்கிறது என்று பாருங்கள். கையில் ஒரு மண்வெட்டி இருந்தால் இன்னும் விசேஷம்.